கொல்லிமலை கண்ட கிறிஸ்தவ அன்னை

தாயைத் தெய்வமாகப் போற்றுவது நமது நாட்டின் தொன்மையான மரபு. உபநிஷதம் மாணவனுக்கு விடைகொடுத்து அனுப்பும்போது, தாயைத் தெய்வமாகக் கருதும்படி அறிவுறுத்துகிறது. இந்த உபதேசத்தை நாம் மேடைகளில் கேட்கிறோம், பாடநூல்களில் படிக்கிறோம். ஆனால் ஒரு பெண்ணிடம் உள்ள எந்தப் பண்பு அவளைத் தெய்வத்திற்கு நிகராக்குகிறது என்று நாம் அதிகம் ஆராய்வதில்லை.

பெற்ற பிள்ளைமீது அன்பு செலுத்துவது இயற்கை. பறவையும் விலங்கும்கூட அதைச் செய்கின்றன. 'என் பிள்ளை' என்ற எல்லைக்குள் நிற்கும்வரை அந்த அன்பில் மமதையும் கலந்தே இருக்கிறது. அதே அன்பு எல்லையைக் கடந்து, தொடர்பே இல்லாத ஒரு குழந்தையின் பசியையும் தன் பிள்ளையின் பசியாக உணரும்போது அது பிரேமையாக மலர்கிறது. தாய்மையின் தெய்விகம் அங்கே வெளிப்படுகிறது. ஆனால் இந்த மலர்ச்சி எளிதில் நிகழ்வதில்லை. தன் பிள்ளைகளுக்குரிய கடமையையும் பிறர்க்கு ஆற்ற வேண்டிய சேவையையும் ஒருத்தி எவ்வாறு ஒருங்கே தாங்குவது? இரண்டும் முரண்படும்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விகளை நூலறிவால் மட்டும் தீர்த்துவிட முடியாது. வாழ்ந்து காட்டியவர்களின் வாழ்க்கையை ஆராய்வதே சிறந்த வழி. அத்தகைய ஒருவரை இக்கட்டுரையில் நினைவுகூர்வோம். அவர் இங்கிலாந்தில் பிறந்து, தமிழகத்து மலைகளில் வாழ்ந்து, அந்த மண்ணிலேயே கலந்தவர். அவர்தான் ஈவ்லின் பிராண்ட் என்னும் கிறிஸ்தவ அன்னை. முதுமையில் 'பிராண்ட் பாட்டி' என்றே உலகம் அவரை அறிந்தது.

லண்டனிலிருந்து மலைக்கு

பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் வந்து, அங்கிருந்து நாமக்கல் நோக்கிச் செல்பவர்கள் இடப்புறம் நீண்டுயர்ந்த ஒரு மலைத்தொடரைக் காணலாம். அதுவே கொல்லிமலை. சங்ககால வள்ளலான வல்வில் ஓரியின் மலை அது. அறப்பளீசுவரர் ஆலயமும் ஆகாய கங்கை அருவியும் அங்கே உள்ளன. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் வாகனங்கள் மேலே செல்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் நடந்தோ, டோலியில் சுமக்கப்பட்டோதான் ஏற வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்கத் தயங்கினர். மருத்துவமும் கல்வியும் மலைவாழ் மக்களுக்கு எட்டாதவையாக இருந்தன.

ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். பல சகோதர சகோதரிகளுடன் வளர்ந்தார். ஓவியக் கலையை முறையாகக் கற்றார். நல்ல உடை, நல்ல சுற்றம், கலைரசனை என்று அமைந்த அந்த வாழ்க்கையில் குறை எதுவும் இருக்கவில்லை. ஆயினும் இறைவனுக்குத் தன்னை அர்ப்பணிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவரது உள்ளத்தை விட்டு அகலவில்லை. முப்பது வயதைக் கடந்தபின், குடும்பத்தாரின் தயக்கத்தையும் மீறிச் சமயப் பணியாளராகச் சென்னைக்கு வந்தார். தமிழ் கற்றார்.

அவருக்கு முன்பே கொல்லிமலைப் பணியில் தன்னை ஈடுபடுத்திக்கொண்டவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டடத் தொழில் அறிந்தவர். இந்தியப் பணிக்காக அடிப்படை மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். இருவருக்கும் 1913-ல் திருமணம் நடந்தது. திருமணம் முடிந்த கையோடு புதுமணத் தம்பதியர் மலை ஏறினர். பருவமழை கொட்டியது. மணப்பெண்ணின் உடைகள் நனைந்து, சேறு படிந்து, உருக்குலைந்தன. ஜெஸ்ஸி தமது கையாலேயே அமைத்திருந்த மரவீடு மேலே காத்திருந்தது. ஈவ்லினின் இல்லறம் இவ்வாறுதான் தொடங்கியது.

மரத்தடிப் பள்ளி

1914 ஜூலை 17 அன்று அவர்களுக்கு மகன் பால் பிறந்தான். பின்னர் மகள் கான்னி பிறந்தாள். அந்த மலையில் ஆங்கிலப் பிள்ளைகளுக்கென்று பள்ளி ஏது? தாயே ஆசிரியை ஆனார். சிறுவன் பால் ஓரிடத்தில் அமர்ந்து படிக்கும் இயல்புடையவன் அல்லன். எனவே பலா மரத்தின் கிளையில் ஏறி அமர்ந்து கணக்குகளைச் செய்ய அன்னை அனுமதித்தார். கணக்கை முடித்ததும் அவன் தாளைக் கீழே போடுவான். கீழே நிற்கும் அன்னை எடுத்துத் திருத்துவார்.

இது சிறிய செய்திதான். ஆனால் குழந்தையின் இயல்பை அடக்கி ஒடுக்காமல், அந்த இயல்பின் வழியாகவே அவனுக்குக் கல்வி புகட்டும் பொறுமை இதில் தெரிகிறது. இயற்கையைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தைப் பெற்றோர் இருவரும் பிள்ளைகளுக்கு ஊட்டினர். எறும்புப் புற்றும் பறவைக் கூடும் அவர்களுக்குப் பாடங்கள் ஆயின. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவராகிய பால் பிராண்ட், மனித உடலைப் படைப்பின் அற்புதமாகக் கண்டு வியந்து எழுதியதன் விதைகள் இங்கேதான் ஊன்றப்பட்டன.

சொல்லுக்கு முன் செயல்

ஈவ்லினும் ஜெஸ்ஸியும் தங்கள் சமயத்தைப் பரப்பும் நோக்கத்துடன் வந்தவர்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சமய மாற்றம் பற்றி இந்துக்களாகிய நமக்கு நமது கருத்து உண்டு. ஒவ்வொரு நெறியும் இறைவனை அடையும் பாதை என்பதே நம் பெரியோர் காட்டிய உண்மை. ஆனால் அந்தக் கருத்து வேறுபாடு, ஒரு வாழ்க்கையில் உள்ள உயர்வைக் காணத் தடையாகிவிடக் கூடாது.

அவர்கள் மலையில் தங்கிய தொடக்க ஆண்டுகளில் சமயப் பரப்புதலில் பலன் எதுவும் கிட்டவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் அவர்கள் புண்களுக்குக் கட்டுப் போடுவதையோ, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதையோ நிறுத்தவில்லை. பயனை எதிர்பார்த்துச் செய்பவன் பயன் வராதபோது செயலை விட்டுவிடுவான். பல ஆண்டுகள் பயன் வராமலே ஒருவன் பணியைத் தொடர்கிறான் என்றால், அந்தப் பணியை அவன் எதற்காகச் செய்கிறான் என்பது அப்போது தெளிவாகிறது.

1918-ல் இன்ஃப்ளூயன்ஸா எனும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அது கொல்லிமலைக்கும் வந்தது. நோயாளிகளின் அருகில் செல்ல உறவினரே அஞ்சினர். உண்மையில் பலருக்கு மருந்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது உணவும் நீரும். நோயுற்றவர் எழுந்து சமைக்க இயலாது, பிறர் வந்து கொடுக்க அஞ்சினர் என்றால் பசியும் தாகமும் சேர்ந்து நோயைக் கொடியதாக்கிவிடும். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகச் சென்றனர்.

எதிர்த்துவந்த அந்தப் பூசாரியும் நோயில் வீழ்ந்தார். தன் மனிதர்கள் விலகிச் சென்றபோது, தான் எதிர்த்தவர்கள் மட்டும் அருகில் வந்ததைக் கண்டார். இறக்கும் தறுவாயில் தமது குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். ஒரு வயதுகூட நிறையாத பெண்குழந்தையை ஈவ்லின் கையில் ஏந்திக்கொண்டார். ரூத் என்று பெயரிட்டுத் தமது மகளாகவே வளர்த்தார்.

ஒரு தகப்பன் தன் இறுதி நேரத்தில் யாரை நம்பித் தன் குழந்தையைக் கொடுப்பான்? தன் கருத்தை ஒப்புக்கொள்பவரிடம் என்பதைவிட, தன் குழந்தையைக் கைவிடாதவர் என்று உள்ளம் உறுதியாக நம்புகின்றவரிடமே கொடுப்பான். ஆண்டுக்கணக்கில் சொன்ன சொற்களால் பெற முடியாத அந்த நம்பிக்கையை ஒரு கிண்ணம் கஞ்சி பெற்றுத் தந்தது. கிறிஸ்து தமது சீடர்களின் பாதங்களைக் கழுவிய நிகழ்ச்சியை ஈவ்லின் பலமுறை படித்திருப்பார். அதைக் கொல்லிமலையில் செய்துகாட்டும் வாய்ப்பு அவருக்கு அப்போது கிடைத்தது.

பிள்ளைகளைப் பிரிந்த தாய்

இந்த அன்னையின் வாழ்வில் மிகக் கடினமான பகுதிக்கு இப்போது வருகிறோம். இதைத் தவிர்த்துவிட்டு அவரைப் புகழ்வது எளிது. ஆனால் அது உண்மைக்கு நேர்மையாகாது.

1923-ல் பெற்றோர் இருவரும் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றனர். பாலுக்கு ஒன்பது வயது. கான்னி அவனைவிடச் சிறியவள். லண்டனில் ஈவ்லினின் குடும்ப இல்லத்தில், அவரது சகோதரிகளின் பராமரிப்பில் அவர்கள் பள்ளிக் கல்விக்காக விடப்பட்டனர். விடுப்பு முடிந்ததும் தாயும் தந்தையும் மட்டும் இந்தியா திரும்பினர்.

இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர் பலர் அக்காலத்தில் இவ்வாறே செய்தனர். கல்வியின் தேவையும், வெப்பநாட்டு நோய்கள் குறித்த அச்சமும் காரணங்கள். ஆனால் வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடுமா? வெறுங்காலுடன் மலையில் திரிந்த சிறுவன், நகரத்து இறுக்கமான வீட்டில், தாய்முகம் காணாமல் வளர்ந்தான். அவனைப் பிரிந்த தாயோ மலைக்குத் திரும்பிப் பிறர் பிள்ளைகளின் புண்களுக்கு மருந்திட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் தமது சுகத்தைத் துறப்பது தியாகம். ஆனால் தாய் பணிக்காகப் பிரியும்போது, துறக்கப்படுவது தாயின் சுகம் மட்டுமல்ல, பிள்ளையின் சுகமும்தான். பிள்ளையைக் கேட்டா அந்தத் துறவு மேற்கொள்ளப்படுகிறது? பிறருக்குரியதை நாம் தியாகம் செய்ய முடியுமா?

இதற்கு எளிதான விடை இல்லை. ஆயினும் சிலவற்றை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, அவர் தமது வசதிக்காகப் பிள்ளைகளைப் பிரியவில்லை. வசதி லண்டனில் இருந்தது. அவர் சென்றது காய்ச்சல் நிறைந்த மலைக்கு. இரண்டாவது, பிரிவை அவர் 'பற்றின்மை' என்ற பெயரால் மூடி மறைக்கவில்லை. பற்றின்மை என்பது அன்பின்மை அன்று. அன்பு இல்லாதவன் பிரிவதில் துறவு என்ன இருக்கிறது? மூன்றாவது, உறவு அறுந்துபோக அவர்கள் விடவில்லை. மலையிலிருந்து கடிதங்கள் ஒழுங்காகச் சென்றன. தந்தை தமது கடிதங்களில் மரங்களையும் பறவைகளையும் மலைவாழ் மக்களையும் பற்றி எழுதி, மகனைக் கொல்லிமலையோடு பிணைத்தே வைத்திருந்தார்.

மகன் பிற்காலத்தில் எழுதிய நூல்களில் அந்தப் பிரிவின் வேதனை இருக்கிறது. ஆனால் பெற்றோர்பால் அன்பும் நன்றியுமே மேலோங்கி நிற்கின்றன. வேதனையை ஏற்படுத்திய தாயை அந்த வேதனையோடு சேர்த்தே அவர் போற்றினார். எனவே தீர்ப்புக் கூறும் உரிமை அவருக்குத்தான் உண்டு, நமக்கு இல்லை. நமக்கு உரியது ஒன்றே. உயர்ந்த பணிக்காகப் பிரிந்து செல்பவர்கள், அதன் விலையில் ஒரு பங்கைத் தம் குடும்பம் கொடுக்கிறது என்பதை மறவாதிருக்க வேண்டும். 'நான் தியாகம் செய்கிறேன்' என்ற அகந்தை அப்போது தலைதூக்காது.

துணையை இழந்தபின்

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் காலமானார். கொடிய மலேரியாவின் விளைவாக இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து, சிறுநீர் கறுத்து, உயிரைப் பறிக்கும் நோய் அது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. மலையிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

லண்டனில் மகனுக்குத் தந்தி கிடைத்தது. ஆனால் கடிதங்கள் கப்பலில் வருபவை. எனவே தந்தையின் மரணச் செய்தி வந்தபின்னும், அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் சில வாரங்கள் வந்துகொண்டே இருந்தன. மலையின் அழகைப் பற்றி உவகையோடு எழுதிய அந்தக் கரங்கள் மண்ணில் மறைந்துவிட்டன என்பதைப் பதினைந்து வயதுகூட நிரம்பாத மகன் ஏற்க வேண்டியிருந்தது.

பின்னர் ஈவ்லின் இங்கிலாந்து சென்றார். தன் நினைவில் இருந்த அழகிய, துடிப்பான தாயை எதிர்பார்த்துத் துறைமுகத்தில் நின்ற மகன், கூனி, நரைத்து, துயரத்தால் முன்கூட்டியே முதுமை எய்திய ஒரு பெண்மணியைக் கண்டு திகைத்தான். 'இவரா என் தாய்?' என்ற அதிர்ச்சி அவன் உள்ளத்தில் நெடுநாள் நிலைத்தது.

அந்நிலையில் அவர் தாயகத்திலேயே தங்கிவிட்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது, கணவர் இல்லை, பிள்ளைகள் இங்கே, உடலும் நலிந்திருந்தது. தங்கிவிடுமாறு பலரும் கூறினர். ஆனால் அவர் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கொல்லிமலை மட்டுமன்றி, பச்சைமலை, கல்வராயன் உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களின் மக்களுக்கும் பணியாற்ற வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. கணவர் மறைந்ததால் கனவும் மறைந்துவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை.

ஓய்வு பெற மறுத்த முதுமை

அவரை அனுப்பிய அமைப்பு அவரைச் சமவெளியில் பணியாற்றும்படி நியமித்தது. ஆண்டுகள் சென்றன. எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெறும்படி கூறப்பட்டது. அவர் ஒன்றே ஒன்று வேண்டினார்: மலையில் இன்னும் ஓர் ஆண்டு பணியாற்ற அனுமதி. முதுமையை மதித்து அது வழங்கப்பட்டது. அந்த ஆண்டு முடிந்ததும் அவர் அமைப்பிலிருந்து முறைப்படி ஓய்வு பெற்றார். மலையிலிருந்து இறங்க மட்டும் மறுத்துவிட்டார்! இனி ஊதியமில்லை, பதவியில்லை, நிறுவனத்தின் ஆதரவும் இல்லை. ஒரு சிறு குடிசை அமைத்துக்கொண்டு தமது பணியைத் தொடர்ந்தார்.

இங்கே ஒரு நுட்பமான உண்மை இருக்கிறது. கடமையாகச் செய்யப்படும் பணிக்கு ஓய்வு உண்டு. வாழ்க்கையே ஆகிவிட்ட பணிக்கு ஓய்வு ஏது? சுவாசத்திலிருந்து ஓய்வு பெற விரும்புகின்றவர் உண்டா?

ஏறத்தாழ எழுபத்தைந்து வயதில், மலையில் தனித்திருந்தபோது ஓர் இரவு கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விடியும்வரை தரையிலேயே வலியோடு கிடந்தார். காலையில் வந்தவர்கள் கட்டிலில் கிடத்திச் சுமந்து மலையிறக்கினர். பின்னர் ஜீப்பில் நெடுந்தூரம் வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். அங்கே மருத்துவராக இருந்தவர் மகன் பால். இதற்கு முன்பும் எலும்பு முறிவுகள், காய்ச்சல்கள் எனப் பலவற்றை அந்த உடல் தாங்கியிருந்தது.

இனியாவது மலையைவிட்டு வந்துவிடுமாறு மகன் மன்றாடினார். அவரது வாதம் நியாயமானது: மருத்துவ உதவி கிடைக்க ஒருநாள் பயணம் தேவைப்படும் இடத்தில் முதிய பெண் ஒருத்தி தனித்து வாழலாமா? அன்னையோ, தாம் வந்துவிட்டால் அந்த மக்களை யார் கவனிப்பார்கள் என்று கேட்டார். இறைவன் பயன்படுத்த விரும்பும் இடத்தில் பயன்படாவிட்டால் இந்தக் கிழ உடலைப் பேணிக் காத்து என்ன ஆகப்போகிறது என்பதே அவரது கருத்தாக இருந்தது. மீண்டும் மலை ஏறினார்.

அதன்பின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியே அவரால் நடக்க முடிந்தது. நடக்க இயலாத தூரங்களை மட்டக்குதிரையின் மீதமர்ந்து கடந்தார். மருந்துப் பெட்டியும் உடன் சென்றது. பலமுறை கீழே விழுந்தார், எழுந்தார், மறுபடியும் குதிரை ஏறினார். அவர் வருவதைக் கண்ட கிராமத்துப் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள்.

கிணற்றுச் சுவர்

சேவை என்றால் உருக்கம் மட்டும் போதாது. விவேகமும் வேண்டும் என்பதற்கு அவரது பணியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம்.

அந்நாளில் மலைக் கிராமங்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. அசுத்தமான நீரில் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளுக்குள் இதன் குஞ்சுப் புழு இருக்கும். அந்த நீரைப் பருகியவரின் உடலில் அது வளர்ந்து, ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குப்பின், நூல்போல மெலிந்து ஒரு மீட்டர்வரை நீண்ட புழுவாகக் கால் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலை நீரில் வைத்தவுடன் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். படியிறங்கி நீர் மொள்ளும் கிணறும் குளமும் இவ்வாறு நஞ்சாகும். அதே நீரை மறுபடியும் ஊரே குடிக்கும். புழுவை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே இழுப்பதே வைத்தியமாக இருந்தது.

எத்தனை புழுக்களை எடுத்தாலும் கிணறு மாறாதவரை நோய் மாறாது. எனவே கால் நீரில் படாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும், நீரைத் தூய்மையாகக் காக்கவும் மக்களுக்கு ஓயாது கற்பித்தார்கள். அந்த மலைகளில் இந்நோய் மறையலாயிற்று. இதே உண்மையை அடிப்படையாகக் கொண்ட தேசிய முயற்சியால், 1996-க்குப்பின் இந்தியாவில் யாருக்கும் நரம்புச் சிலந்தி தோன்றவில்லை; 2000-ஆம் ஆண்டில் நமது நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஆன்மிக வாழ்விற்கும் இதில் பாடம் உள்ளது. வெளியே தோன்றும் தீமையை மட்டும் நாள்தோறும் இழுத்துக்கொண்டிராமல், அது பிறக்கும் ஊற்றைக் காக்க வேண்டும். சினமும் பொறாமையும் வெளிப்படும்போது மட்டும் அவற்றோடு போராடுபவன் புழுவைச் சுற்றுபவன். எண்ணங்கள் பிறக்கும் மனத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புபவனே நோயை வெல்பவன்.

கண்ணாடி இல்லாத வீடு

இளமையில் அழகியாகவும் அழகின் ரசிகையாகவும் விளங்கியவர் ஈவ்லின். தமது வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கவில்லை என்று மகன் பதிவு செய்துள்ளார். வெயிலும் நோயும் வறிய உணவும் அந்த முகத்தில் ஆழமான சுருக்கங்களை ஏற்படுத்தியிருந்தன.

ஆனால் மகன் தம் மனத்தில் காத்துவைத்த தாயின் படம் வேறு. மலைக் கிராமம் ஒன்றின் கல்சுவரில் அன்னை அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் மக்கள் நெருங்கி அமர்ந்து அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்களில் அந்த முகம் சுருக்கம் விழுந்த முகமன்று, அன்பின் முகம். அந்த முகத்தைவிட அழகானதை அவர்கள் கண்டதில்லை. அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. தம்மை நேசித்தவர்களின் கண்களே அவருக்குக் கண்ணாடியாக இருந்தன.

உடலே நான் என்ற எண்ணம் எவ்வளவு வலிமையானது என்பதை வேதாந்தம் பயில்வோர் அறிவர். தேகாபிமானத்தைப் போக்க விசாரம் ஒரு வழி. தன்னை மறந்து பிறர்க்கு உழைத்தல் மற்றொரு வழி. ஈவ்லின் வேதாந்தம் கற்றவர் அல்லர். கிறிஸ்துவிடம் கொண்ட பக்தியே அவருக்கு எல்லாம். ஆயினும் அந்தப் பக்தி அவரைக் கொண்டுசேர்த்த இடம் நமக்கு அறிமுகமில்லாத இடமன்று.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். தமது உடலைப் பெட்டியில் வைக்காமல், எளிய பருத்தித் துணியில் சுற்றி மண்ணுக்கு அளிக்குமாறு அவர் விரும்பியிருந்தார். உடல் மண்ணோடு கலந்து புதிய உயிர்களுக்கு உரமாகட்டும் என்பது அவரது எண்ணம். மலைமக்கள் அவ்வாறே செய்தனர். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் உறங்கிய கணவரின் அருகில், கொல்லிமலையில், அவர் உறங்குகிறார்.

மகனின் கைகளில் தாய்

தாயின் வாழ்வு பிள்ளையிடம் எவ்வாறு தொடர்ந்தது என்பதையும் காண வேண்டும். பால் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் சிலர் மலைவீட்டுக்கு வந்தனர். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தந்தை கையுறை அணிந்து அவர்களுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் தொட்ட கூடையை அன்னை எரித்துவிட்டார். அக்காலத்து அறிவு அவ்வளவுதான்; அச்சம் அந்த வீட்டிலும் இருந்தது. அச்சத்தோடுதான் அவர்கள் சேவை செய்தார்கள். அச்சம் இருந்ததால் சேவையை நிறுத்தவில்லை.

அந்தச் சிறுவனே 1946-ன் இறுதியில் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். எந்த நோயைக் கண்டு தன் பெற்றோர் அஞ்சினரோ, அந்த நோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை வளர்த்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை. வலி உணர்வை இழந்ததால் அறியாமல் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று நிறுவினார். வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியின் தொழுநோய் ஆராய்ச்சிப் பணியில் முன்னின்றார். 1960-ல் லாஸ்கர் விருது பெற்றார். 2003-ல் மறைந்தார். தாய் மலையில் தொட்ட கைகளை மகன் வேலூரில் நிமிர்த்தினார் என்று கூறினால் மிகையாகாது.

நாம் கற்க வேண்டியவை

பெங்களூர் போன்ற நகரங்களில் இன்று வாழும் குடும்பங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பணிக்காகப் பகல் முழுதும் குழந்தையைப் பிரியும் தாய்மார் ஒருபுறம்; பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்க, அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் முதியோர் மறுபுறம். முன்னவர்களின் உள்ளத்தில் குற்ற உணர்வு. பின்னவர்களின் உள்ளத்தில் 'இனி நான் யாருக்குப் பயன்?' என்ற வெறுமை. இருவருக்கும் ஈவ்லின் அன்னையின் வாழ்வில் செய்தி உண்டு.

பிரிந்திருக்கும் தாய்க்கு: உடல் அருகில் இருப்பது மட்டுமே உறவு அன்று. ஆனால் உறவைக் காக்க முயற்சி வேண்டும். வாரம்தோறும் கடல்தாண்டி வந்த கடிதம் போன்ற ஒன்று, எந்தச் சூழலிலும் தவறாத ஒன்று, உங்கள் பிள்ளைக்கு உங்களிடமிருந்து கிடைக்கட்டும். நீங்கள் எதற்காக உழைக்கிறீர்கள் என்பதையும் பிள்ளை அறியட்டும். பெற்றோர் உயர்ந்த ஒன்றுக்காக வாழ்கிறார்கள் என்று உணரும் குழந்தை, இழந்ததை ஒருநாள் மன்னிக்கும். அதைத் தன் வலிமையாகவும் மாற்றிக்கொள்ளும்.

தனித்திருக்கும் முதியோருக்கு: மலை ஏற வேண்டியதில்லை. உங்கள் கட்டடத்தின் காவலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் தாயாருக்கு மருத்துவமனைப் படிவத்தை நிரப்பித் தரலாம். ஓய்வூதியம் பெறுவது ஊதியத்திலிருந்து ஓய்வு. அன்பிலிருந்து ஓய்வு அன்று.

நம் அனைவருக்கும்: வேறு சமயத்தவரின் வாழ்வில் உயர்வைக் காணும்போது, அதை மனம்திறந்து வணங்கப் பழக வேண்டும். அதனால் நமது நெறியில் நமக்குள்ள பிடிப்பு தளராது, ஆழமாகும்.

சிந்தனைக்கு

1. மமதைக்கும் பிரேமைக்கும் உள்ள வேறுபாடு என்ன? என் குடும்பத்தின்மீது நான் கொண்ட அன்பில் எது மிகுந்திருக்கிறது?

2. பலன் தெரியாத நிலையிலும் நான் விடாது செய்துவரும் நற்செயல் ஏதேனும் உண்டா?

3. என் சேவையின் அல்லது என் உழைப்பின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் யார்? அவர்களுக்கு நான் நன்றி கூறியிருக்கிறேனா?

4. என் வாழ்வில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறைக்கு, நான் புழுவை இழுக்கிறேனா, கிணற்றுக்குச் சுவர் எழுப்புகிறேனா?

5. முதுமையில் நான் யாருக்குப் பயன்படப் போகிறேன்? அதற்கான பழக்கத்தை இன்று தொடங்க முடியுமா?

இக்கேள்விகளைக் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து சிந்திப்பது நன்று. பிள்ளைகளையும் பேச விடுங்கள். மரக்கிளையில் அமர்ந்து கணக்குப் போட்ட சிறுவனின் குரலையும் அந்த அன்னை கேட்டார்.